இடக்கொச்சிக்கு எத்தனை எழுத்து?

இடக்கொச்சி என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? இ, ட, க், கொ, ச், சி. ஆக மொத்தம் ஆறு. இரண்டாம் வகுப்புக் குழந்தைகூட விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். இதே கேள்வியைக் கம்ப்யூட்டரிடம் கேட்டால் 10 என்கிறது. வேறொரு விதமாகக் கேட்டால் 30 என்கிறது. சில சமயம் 11 என்றும் 33 என்றும்கூடச் சொல்லும். அத்தனையும் அதனதன் கணக்கில் சரி என்பதுதான் வேடிக்கை.

இந்த வேடிக்கை ஓர் இரவு நமக்கு வினையாக வந்து சேர்ந்தது. அதன் காரணத்தைத் தேடப்போய் நானும் என் மகள் வயிற்றுப் பேத்தியும் தெரிந்துகொண்ட சில விஷயங்களை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குப் புரிந்த அளவில், எனக்குத் தெரிந்த உவமைகளோடுதான் சொல்ல முடியும். விவரம் அறிந்த இளைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கத்தின் இரத்ததானப் பட்டியலைப் பலர் அறிவீர்கள். 1990களில் தட்டச்சு செய்து அச்சிட்ட பட்டியல் அது. பிறகு வந்த உறுப்பினர்களின் விவரங்கள் அவ்வப்போது சேர்க்கப்பட்டன. சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, பள்ளியில் கற்றுத்தந்த பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில், அந்தப் பட்டியலில் தேடுவதற்கு ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தாள். ஊர்ப் பெயரையும் இரத்த வகையையும் கொடுத்தால் உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண் வரும். எல்லோரும் பாராட்டினோம்.

அவசர அறுவை சிகிச்சை ஒன்றுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டும் என்று ஓர் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. நோயாளியின் குடும்பமும் நம் சங்கத்தைச் சேர்ந்ததுதான். இடக்கொச்சி என்று போட்டுத் தேடினோம், ஒருவரும் இல்லை. தோப்பும்படி என்று தேடினோம், இல்லை. பல பேருக்குப் போன் செய்து, கடைசியில் ஆலுவாப் பக்கத்திலிருந்து ஒருவர் விடியற்காலையில் வந்து கொடுத்தார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மாலை எதேச்சையாகப் பழைய அச்சுப் பட்டியலைப் புரட்டினேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஓ நெகட்டிவ் உறுப்பினர் இருக்கிறார்! ஊர் இடக்கொச்சி என்றே அச்சாகியிருக்கிறது. கம்ப்யூட்டர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் நிரல் அவரைக் காட்டவில்லை.

பேத்தி அழுதுவிட்டாள். "நான் எழுதினது தப்பு தாத்தா" என்றாள். தப்பு எங்கே என்று பார்த்துவிட்டு அழலாம், முதலில் உட்கார் என்றேன்.

பட்டியலிலிருந்த இடக்கொச்சியையும் அவள் விரலால் அடித்த இடக்கொச்சியையும் திரையில் மேலும் கீழுமாக வைத்தோம். அச்சில் வார்த்தது போல் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் ஒன்றா என்று பைத்தானிடம் கேட்டாள், இல்லை என்றது. நீளம் என்ன என்று கேட்டாள். புதியது 10, பழையது 11. கண்ணுக்கு ஒன்றாக இருப்பது கம்ப்யூட்டருக்கு இரண்டாக இருக்கிறது!

காரணம் இதுதான். இன்று கம்ப்யூட்டரிலும் போனிலும் உலகத்து எழுத்துகளெல்லாம் யூனிகோடு என்ற பொது ஏற்பாட்டின்படி எண்களாக வைக்கப்படுகின்றன. 1991இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் ஒதுக்கியது 128 இடங்களைக் கொண்ட ஒரு கட்டம்தான். நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அதில் இல்லை. உயிரெழுத்துகள், க முதலான அகரமேறிய மெய்கள், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகள் ஆகியவற்றுக்கு மட்டும் இடம். 'க்' என்றால் க ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு எண்கள். 'சி' என்றால் ச ஒன்று, மேல்விலங்கு ஒன்று. இப்படிக் கூட்டினால் இடக்கொச்சிக்கு 10 எண்கள் வரும். வாசகர்கள் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம்.

பத்து பதினொன்றானது 'கொ'வினால். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகக் க-வுக்குப் பின்னால் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டையும் யூனிகோடு ஒப்புக்கொள்கிறது. போனில் அடிக்கும்போது பொதுவாக ஒரே குறியாக விழுகிறது. நம் பழைய பட்டியலிலோ இரண்டாக இருந்தது. ஏன் என்பதற்கு 1990களுக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் தமிழ் அடித்தவர்களுக்கு நினைவிருக்கும், எழுத்துரு ஒவ்வொன்றும் தனி ராஜ்யமாக இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பொறி முறைப்படி, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று அடிப்போம். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகள் என், எஃப், எச். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த மூன்று ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். வேறு எழுத்துரு வைத்திருப்பவருக்கோ வேறு குப்பை. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்களே, அப்படி. வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, அதே ஆண்டில் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும் அது வசதிப்படாத இடங்களுக்கு டேஸ்16 என்பதையும் ஏற்று ஆணை வந்தது. எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தவைதான். ஆனால் ஒவ்வொரு தீர்வு வந்தபோதும், மாற்ற வேண்டிய பழைய கோப்புகளின் வகையும் ஒன்று கூடியது.

நம் பட்டியலையும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மாற்று நிரல் கொண்டு யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார். அந்த நிரல் கொம்பைத் தூக்கிக் க-வுக்குப் பின்னால் வைத்தது; காலையும் தொடர்ந்து வைத்தது; இரண்டையும் ஒன்றாக்க மறந்துவிட்டது. பார்வைக்குக் குறையில்லை. ஆகவே யாரும் கவனிக்கவில்லை. இடக்கொச்சி, போர்ட் கொச்சி, தோப்பும்படி என்று கொகரமோ தோகாரமோ உள்ள ஊர்க்காரர்களெல்லாம் தேடலுக்குக் கிட்டாமல் போனார்கள். பள்ளுருத்தியும் மட்டாஞ்சேரியும் தப்பின.

சரி, நோய் தெரிந்துவிட்டது, மருந்து எங்கே என்று பார்த்தோம். மருந்து இருக்கிறது. பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு யூனிகோடே ஒரு முறை வகுத்திருக்கிறது. அதற்கு 'நார்மலைஸ்' என்று பெயர். இயல்பாக்கம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பைத்தானோடு வரும் நூலகத்திலேயே அது இருக்கிறது. ஒரு வரி வேலை. ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாள்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

முதலில் நூலகம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் மொழியில் எல்லா வேலையையும் ஒருவரே அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. தேதி கணக்கிட, பட்டியலை வரிசைப்படுத்த, படம் திறக்க என்று முன்பே பலர் எழுதிவைத்த துண்டுகள் உண்டு. அவற்றின் தொகுப்பே நூலகம். நமக்குத் தெரிய வேண்டியது, எந்தத் துண்டை எந்தப் பெயரால் கூப்பிடுவது, அதற்கு என்ன கொடுப்பது, அது என்ன திருப்பித் தரும் என்பது மட்டுமே. தண்டவாளத்தோடு தண்டவாளத்தைப் பொருத்தும் ஃபிஷ் பிளேட் போல, இந்தப் பெயரும் கொடுக்கல் வாங்கலும்தான் பொருத்துமிடம். 52 கிலோ தண்டவாளம் நல்லது, 60 கிலோ தண்டவாளமும் நல்லது. ஆனால் ஒன்றின் ஃபிஷ் பிளேட் மற்றதற்குப் பொருந்தாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அதற்கென்றே செய்த காம்பினேஷன் ஃபிஷ் பிளேட் வேண்டும். நூலகங்களை எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி துளையிட்டிருந்தால், உபயோகிப்பவர் காலமெல்லாம் காம்பினேஷன் பிளேட் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எழுத்தை எண்ணும் கதைக்கே வருவோம். காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் நம் சங்கத்து இளைஞர் ஒருவர், உறுப்பினர் பதிவுப் படிவத்தை பிஎச்பி என்ற மொழியில் செய்திருந்தார். பெயர் 30 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு வரம்பு. முப்பது எழுத்தில் தமிழ்ப் பெயர் எதுவும் அடங்கிவிடுமே என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் மீனாட்சிசுந்தரம் என்ற பெயரைக் கொடுத்தால் 'மீனாட்சிசு' என்று நின்றுவிட்டது. ஏனெனில் பிஎச்பியில் நீளம் பார்க்கும் 'ஸ்டர்லென்' எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. இப்போது பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். மீனாட்சிசு வரை பத்துக் குறிகள், முப்பது பைட்டுகள். அத்தோடு கத்தரி விழுந்தது. இடக்கொச்சிக்கு முப்பது என்று தொடக்கத்தில் சொன்னது இந்தக் கணக்குத்தான்.

பிஎச்பியில் குறிகளை எண்ண வழியில்லையா என்றால் இருக்கிறது. 'எம்பி-ஸ்டர்லென்' என்பதைக் கூப்பிட்டால் 10 என்று சொல்லும். மனிதன் எண்ணுவது போல 6 என்று சொல்ல 'கிராஃபீம்-ஸ்டர்லென்' என்று மூன்றாவதும் இருக்கிறது. ஒரே கேள்விக்கு மூன்று பெயர்கள், மூன்று விடைகள். மூன்றும் கையேட்டின் மூன்று வெவ்வேறு அதிகாரங்களில் இருக்கின்றன. முதலாவது எப்போதும் கூடவே இருக்கும். மற்ற இரண்டுக்கும் அதற்கான இணைப்பை நிறுவியிருக்க வேண்டும். முதல் அதிகாரத்தைப் படித்துவிட்டு வேலையை முடித்தவரைக் குற்றம் சொல்வதா? அவர் ஆங்கிலப் பெயர்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே விடையைத்தான் தரும்.

பிஎச்பியை உருவாக்கி 1995இல் வெளியிட்டவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். அந்த மொழியின் பெயர்க் குழப்பம் பிரசித்தம். ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லைத் தேடும் கட்டளைக்கு முதலில் வைக்கோற்போரையும் பிறகு ஊசியையும் கொடுக்க வேண்டும் (கையேட்டிலேயே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்). ஒரு பட்டியலுக்குள் தேடும் கட்டளைக்கு முதலில் ஊசி, பிறகு வைக்கோற்போர். சில பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு உண்டு, சிலவற்றில் கிடையாது. லெர்டார்ஃப் 2013இல் இதற்கு ஒரு காரணம் சொன்னார். நூற்றுக்கும் குறைவான கட்டளைகள் இருந்த ஆரம்ப நாட்களில், பெயரின் நீளத்தை வைத்தே கட்டளைகளை உள்ளே பிரித்து வைத்தாராம். ஒரே நீளத்தில் பல பெயர்கள் குவிந்துவிடாமல் இருக்க, வேண்டுமென்றே பெயர்களை நீட்டியும் குறுக்கியும் வைத்தார். அன்றைக்கு அது சிக்கனம். பிறகு கோடிக்கணக்கான வரிகள் அந்தப் பெயர்களை நம்பி எழுதப்பட்டுவிட்டதால் மாற்ற முடியவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரோ தீர்மானித்த கேஜ் அகலத்துக்காக நாங்கள் பட்ட பாடு எனக்கு ஞாபகம் வந்தது. செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்கும் வேலை 2018இல்தான் நிறைவடைந்தது.

பைத்தான் ஒழுங்கான மொழி என்று பெயர் வாங்கியது. பெயர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 2001இலேயே ஒரு நடைமுறை விதி எழுதி வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த பகுதிகள் தம் பழைய பெயர்களோடு அப்படியே இருக்கின்றன. நம் இயல்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் முதலில் எந்த வடிவம் என்று சொல்லி, பிறகு சொல்லைக் கொடுக்க வேண்டும். ஜாவாவில் முதலில் சொல், பிறகு வடிவம். பிஎச்பியிலும் அப்படியே. பேத்தி ஒரு மொழிக்கான உதாரணத்தைப் பார்த்து இன்னொரு மொழியில் எழுதி, அது முறைத்துக்கொண்டு நின்றதில் ஒரு மாலைப்பொழுது போயிற்று.

மற்ற இரண்டு நாள்கள் போனது விளக்கங்களைத் தேடுவதில். பைத்தானின் கையேட்டில் சொற்களைப் பற்றிய அதிகாரத்தில் நீளம் பார்ப்பது இருக்கிறது. இயல்பாக்கமோ யூனிகோடு விவரங்களைப் பற்றிய தனி அதிகாரத்தில் இருக்கிறது. ஏன் அது வேண்டும் என்ற விளக்கம் யூனிகோடு அமைப்பின் தனி அறிக்கையில். தமிழுக்கு என்ன ஆகும் என்பது எங்கோ ஒருவர் எழுதிய குறிப்பில். கிடைத்த உதாரணங்களில் சில பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்புக்கானவை. 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தபோது சொற்களைக் கையாளும் முறையே மாறிவிட்டது. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பும் நின்றது. ஆனால் உதாரணத்தின் தலையில் எந்தப் பதிப்புக்கு என்று எழுதியிருந்தால்தானே தெரியும்? அடுப்படியில் தினம் நிற்பவருக்கு உப்பு டப்பா எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்த மருமகள்தான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பிரிவில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பெர்மனென்ட் வே மானுவல் என்று ஒரு புத்தகம். 1986 பதிப்பு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. விதி மாறும்போதெல்லாம் கரெக்ஷன் ஸ்லிப் வரும்; கத்தரித்து, பழைய பத்தியின் மேல் பசை போட்டு ஒட்ட வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்லிப்புகள் வந்து, புத்தகம் பொதிமூட்டையாகி, 2020இல்தான் புதுப் பதிப்பு வந்தது. ஒட்டாத ஸ்லிப் மேஜை இழுப்பறையிலேயே கிடந்ததால், பக்கத்துப் பக்கத்து அலுவலகங்களில் ஒரே அளவுக்கு இரண்டு எண் சொன்னதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், இந்தப் புத்தகத்தில் இல்லையென்றால் விதியே இல்லை என்று கை வைத்துச் சொல்ல ஓர் இடம் எங்களுக்கு இருந்தது. கம்ப்யூட்டர் மொழிகளைச் சுற்றியுள்ள தன்னார்வக் கூட்டத்தில் அப்படி ஆணையிட ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. அதனால்தான் அவ்வளவு வேகமாக வளர்ந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் புத்தகம் போல ஸ்லிப்புக்காகக் காத்திருந்தால் பைத்தான் இன்னும் லூப் லைனில்தான் நின்றிருக்கும்.

மூன்றாம் நாள் அந்த ஒரு வரியைப் போட்டோம். இடக்கொச்சிகள் ஒன்று சேர்ந்தன. மகிழ்ச்சி அரைமணி நேரம்தான். ஸ்ரீநிவாசன் என்று தேடினால் பாதிப் பேர் வரவில்லை. 2005இல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்து புதிதாகச் சேர்ந்தது. அதிலிருந்து ஸ்ரீயை ஸ-வை வைத்தும் எழுதலாம், ஶ-வை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே. ஆனால் கொகரத்தைப் போல இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை. ஆகவே இயல்பாக்கம் இதைத் தொடாது. கௌரி என்ற பெயரும் அப்படித்தான். கொம்பு, க, ள என்று அடித்து 'கெளரி' ஆக்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பார்வைக்குக் கௌரி, கம்ப்யூட்டருக்குக் கெ, ள, ரி என மூன்றெழுத்துக்காரி.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை அன்று. இங்கே நம் மலையாள நண்பர்களுக்கும் இதே கதைதான். புள்ளி வைக்காமலே மெய்யாக ஒலிக்கும் சில்லு எழுத்துகளை முதலில் மூன்று குறிகள் சேர்த்து எழுதினார்கள். 2008இல் யூனிகோடு 5.1 பதிப்பில் அவற்றுக்குத் தனி இடம் வந்தது. பழைய வடிவமும் புதிய வடிவமும் சமம் என்று அறிவிக்கவில்லை. மலையாளத்தில் தேடல் நிரல் எழுதுகிறவர்கள் இரண்டையும் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீக்கும் கௌரிக்கும் வழி தேடியபோதுதான் ஓபன்-தமிழ் என்ற நூலகம் எங்களுக்கு அறிமுகமாயிற்று. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கியது. பலர் சேர்ந்து இலவசமாக வளர்த்தது. (எழிலில் 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும், 'முடி' என்றால் முடியும். பேத்திக்குச் சிரிப்பு, எனக்குப் பெருமை.) ஓபன்-தமிழில் ஒரு சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது. இடக்கொச்சியைக் கொடுத்தோம், ஆறு துண்டுகள் வந்தன. பழைய குறியீடுகள் இருபதுக்கும் மேற்பட்டவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பகுதியும் அதில் உண்டு. அதை எழுதியவர் அருளாளன். இவ்வளவு உழைப்பைக் காசு வாங்காமல் செய்திருக்கிறார்களே என்று மலைப்பாக இருந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், குறையாக அல்ல. பலர் கை வைத்த வீடு என்பது உள்ளே போனதும் தெரிகிறது. டிஸ்கியிலிருந்து மாற்ற அதே நூலகத்தில் இரண்டு இடங்களில் இரண்டு கட்டளைகள். ஒன்றின் பெயர் 'யூனிகோடுக்கு மாற்று' என்ற பொருளில். மற்றது 'டிஸ்கி டு யூனிகோடு' என்று, நடுவில் எண் இரண்டைப் போட்டு. எதை எப்போது எடுப்பது என்பது எழுதியவருக்குத் தெரியும். நாங்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அகர வரிசை வந்தபோது இன்னொரு பாடம். பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் பைத்தான் யூனிகோடு எண்ணின்படி அடுக்குகிறது. அந்தக் கட்டத்தில் ன-வின் எண் ந-வுக்கு அடுத்தது, ம-வுக்கு முன்பு. ஆகவே கனகா முதலிலும் கமலா பிறகும் வந்தார்கள். நம் பள்ளிக்கூட வரிசையில் ன கடைசி. கமலாதான் முந்த வேண்டும். சங்கத்தின் மூத்த தமிழாசிரியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "தமிழ்ச் சங்கத்துப் பட்டியலில் தமிழே தெரியாமல் அடுக்கியிருக்கிறீர்களே" என்று கடிந்துகொண்டார். ஓபன்-தமிழில் இதற்கும் வழி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள்.

கடைசியாக நாங்கள் செய்தது இவ்வளவுதான். மூலப் பட்டியலை ஒரு பிரதி எடுத்துத் தொடாமல் வைத்துவிட்டோம். ஒவ்வொரு பெயரும் ஊரும் உள்ளே வரும்போதே இயல்பாக்கம் செய்தோம். காட்டுவதற்கு ஒரு வடிவம், தேடுவதற்கு மட்டும் இன்னொரு வடிவம் என்று வைத்து, தேடும் வடிவத்தில் ஶ்ரீயெல்லாம் ஸ்ரீ, கெள-வெல்லாம் கௌ என்று மாற்றினோம். இதில் ஒரு சறுக்கலும் உண்டு. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு மாற்றியதில், சோதனைக்காக நான் அடித்த 'கெளுத்தி மீன்' உருத்தெரியாமல் போயிற்று. கொச்சியில் இருந்துகொண்டு கெளுத்தியைத் தொலைக்கலாமா? ள-வுக்குப் பின்னால் வேறு குறி வந்தால் விட்டுவிடு என்று பேத்தி ஒரு விதி சேர்த்தாள். இப்போது இடக்கொச்சி, ஓ நெகட்டிவ் என்று தேடினால் அந்த இரண்டு தெரு தள்ளியிருப்பவர் பெயர் முதலில் வருகிறது. அவரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பட்டியலில் தம் பெயர் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்றார்.

இத்தனை நாள் தேடிக் கண்டவற்றைப் பேத்தி ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். என் யோசனைப்படி ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தேதி, எந்த மொழியின் எந்தப் பதிப்பு, எதைக் கொடுத்து என்ன வந்தது என்று இருக்கும். விதி மாறினால் ஒட்டுவதற்கு வலது பக்கம் காலி. நாக்பூரிலோ புவனேஸ்வரத்திலோ உள்ள வேறு தமிழ்ச் சங்கத்தார் தங்கள் பட்டியலை மாற்ற நினைத்தால் பிரதி எடுத்துக் கொடுக்கத் தயார்.

ஒரு வேலை பாக்கி. நம் இதழின் 1990களின் பிற்பகுதி இதழ்கள் சில, ஃபிளாப்பியில் என் பீரோவில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் பெட்டி ஒன்றையும் தேடிப் பிடித்துவிட்டோம். கோப்புகள் திறக்கின்றன, உள்ளே இருப்பது பாமினியும் இல்லை, டிஸ்கியும் இல்லை, ஓபன்-தமிழ் மாற்றித்தரும் வேறு எதுவும் இல்லை. ஃபிளாப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் பொங்கல் மலர் என்று மட்டும் நீல மையில் எழுதியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் இதழைத் தட்டச்சு செய்தவர்களோ, அவர்கள் வீட்டாரோ, எந்த எழுத்துருவை உபயோகித்தார்கள் என்று நினைவிருந்தால் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னிடம் சொல்ல வேண்டுகிறேன். நோட்டில் அதற்கு ஒரு பக்கம் விட்டுவைத்திருக்கிறோம்.